சுவரில் ஒரு பென்சில் கோடு

(சென்ற மாதம் நம் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை. நம் ஆதரவாளர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)

இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வார்டுகளைச் சுற்றி வரும்போது, தகப்பன்மார் சிலர் என்னை வராந்தாவுக்குத் தனியே அழைத்துப் போய் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஐயா, பையனுக்குப் பதினாலு முடியப் போகுது. கூடப் படிக்கிற பசங்க எல்லாம் மளமளன்னு வளந்துட்டாங்க. இவன் மட்டும் அப்படியே நிக்கிறான். இதுக்கு ஏதாவது மருந்து இருக்குதா?" தாய்மார் கேட்பதுகூட இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பையனோ பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயரைச் சுமந்துகொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்பான்.

இந்தக் கவலையை அற்பமென்று நான் சொல்லமாட்டேன். காவல்துறையில் சேர வேண்டும் என்று கனவு காணும் பையன்கள் நம் கிராமங்களில் அநேகர். தமிழ்நாட்டில் ஆண் காவலர் தேர்வுக்கு 170 செ.மீ. உயரம் வேண்டும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167 செ.மீ. அரை அங்குலத்தில் கனவு கலைந்து போகிறவனின் வேதனை அவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் கவலைப்படுவது ஒன்று, கவனிப்பது வேறொன்று. நாம் அதிகமாகக் கவலைப்படுகிறோம். போதிய அளவு கவனிப்பதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்லுகிறேன். பேரும் ஊரும் வேண்டாம்.

முதல் பையனின் தகப்பனார் ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். மகன் வளரவில்லையே என்று டப்பா டப்பாவாகச் சத்து மாவு வாங்கினார். பேப்பரில் விளம்பரம் பார்த்துப் பார்சலில் மாத்திரை வரவழைத்தார். பல மாத ஓவர்டைம் பணம் அதிலே போயிற்று. கடைசியில் இங்கே வந்தபோது, நம் டாக்டர் பையனின் பள்ளிக்கூட ஹெல்த் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வருஷத்துக்கு 5 செ.மீ. வீதம் ஒழுங்காக வளர்ந்து வந்திருக்கிறான். இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பின் வயது, பிறந்த வயதைவிட இரண்டு வருஷம் பின்தங்கியிருந்தது. "நீங்கள் எப்போது வளர்ந்தீர்கள்?" என்று டாக்டர் தகப்பனாரைக் கேட்டார். அவர் சற்று யோசித்து, "பிளஸ் டூ சமயத்துலதாங்க, திடீர்னு" என்றார். தகப்பன் வழியிலேயே மகனும் தாமதமாக வளர்கிறவன். அவனுக்கு மருந்து தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டாவது பையனின் தாயார் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை செய்கிறவர். அவர் மகனின் உயரத்துக்காக வரவில்லை. பிள்ளை எந்நேரமும் சோர்ந்து கிடக்கிறான், மலச்சிக்கல், மார்க்கும் குறைந்துவிட்டது என்று அழைத்து வந்தார். பேச்சோடு பேச்சாக, "ரெண்டு வருஷமா ஒரே பேண்ட்தான் சார் போடுறான், இன்னும் சரியாத்தான் இருக்கு, ஒரு செலவு மிச்சம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வளருகிற வயதில் இரண்டு வருஷம் ஒரே பேண்ட் சரியாக இருக்குமானால், அது மிச்சம் அல்ல, எச்சரிப்பு. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் தினம் ஒரு மாத்திரை. விலை அதிகமில்லாத மாத்திரைதான். அடுத்த வருஷம் அந்தத் தாயார் வந்து, "யூனிபார்ம் எல்லாம் பத்தாமப் போச்சு" என்று முறையிட்டபோது, எங்களுக்கு அது ஸ்தோத்திர கீதம்போலக் கேட்டது.

பாருங்கள். அதிகம் பயந்த வீட்டில் வியாதி இல்லை. பயமே இல்லாத வீட்டில் வியாதி இருந்தது. பயம் நமக்கு உண்மையைக் காட்டவில்லை. அளவுதான் காட்டிற்று.

அளவு என்பது உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டிய காரியம் அல்ல. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நாள் முழுதும் அளந்து பார்க்கிறவர்கள் நீங்கள். அதே பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பையனைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்துங்கள். குதிகாலும் முதுகும் சுவரில் படட்டும். கண் நேரே பார்க்கட்டும். தலைமேல் ஒரு கெட்டியான புத்தகத்தைச் சமமாக வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். டேப்பால் அளந்து, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரம் மாலையில் ஏறக்குறைய 1 செ.மீ. குறைந்துவிடும், பகலெல்லாம் நிற்பதால் முதுகெலும்பின் இடையிலுள்ள வட்டுகள் அழுந்துகின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு கோடு போதும். தினமும் அளப்பது அன்பல்ல, உபத்திரவம்.

கோடு என்ன சொல்லும்? நான்கு வயதுக்குமேல் பருவம் வரும்வரை ஒரு பிள்ளை வருஷத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளரும். பையன்களுக்குப் பெரும்பாலும் 13, 14 வயதில் வேகம் பிடிக்கும். அந்த உச்ச வருஷத்தில் 9 செ.மீ. வரைகூட வளருவார்கள். பெண்பிள்ளைகளுக்கு இது சுமார் இரண்டு வருஷம் முந்தியே வந்துவிடும். அதனால்தான் ஏழாம் வகுப்பில் தங்கை அண்ணனை முந்தி நிற்கிறாள். அதில் அதிசயமும் இல்லை, அவமானமும் இல்லை.

வீட்டின் உயரத்தையும் பார்க்க வேண்டும். தகப்பன் உயரத்தையும் தாய் உயரத்தையும் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால், மகன் ஏறக்குறைய எவ்வளவு வளருவான் என்று தெரியும். தகப்பன் 163, தாய் 150 என்றால் கணக்கு 163 செ.மீ. என்று வரும். அதற்கு 8 செ.மீ. மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம். அந்த வீட்டில் போய் ஆறடிப் பிள்ளையை எதிர்பார்த்து அழுவது நியாயமா?

எப்போது டாக்டரிடம் வர வேண்டும்? வருஷத்தில் 4 செ.மீ.கூட வளராவிட்டால் வாருங்கள். 14 வயது முடிந்தும் பருவத்தின் அடையாளமே தோன்றாவிட்டால் வாருங்கள். வீட்டாரின் உயரத்தைப் பார்க்கையிலும் மிகவும் பின்தங்கியிருந்தால் வாருங்கள். ஓயாத வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, தலைவலியோடு பார்வைக் குறைவு, அதிகத் தாகம், தீராத சோர்வு ஆகியவை சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் வாருங்கள். தைராய்டு, சிறுநீரகம், குடல் ஆகியவற்றின் கோளாறுகளும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் குறைவும் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தக் கூடும். எலும்பின் நுனிகளில் உள்ள குருத்துப் பகுதிதான் நீளமாக வளருகிறது. பருவம் முடியும் காலத்தில் அது இறுகி மூடிக்கொள்ளும். மூடிய பிறகு எந்த மருந்தாலும் உயரம் கூடாது. கல்லூரிக்குப் போகும் வயதில் வந்து கேட்பவர்களுக்கு டாக்டர் கையை விரிப்பது அதனால்தான். பள்ளிக்கூடத்துக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அந்தத் திட்டம் 2013-ல் தொடங்கியது.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியைப் பற்றியும் சிலர் கேட்கிறீர்கள். முற்காலத்தில் அந்த ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்தார்கள். அதனால் சிலருக்குக் கொடிய மூளை நோய் தொற்றியது தெரிந்து, 1985-ல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதை நிறுத்தினார்கள். அதே வருஷத்தில் ஆய்வுக்கூடத்தில் செய்த ஹார்மோன் வந்தது. உண்மையாகவே குறைவுள்ள பிள்ளைக்கு அது பெரிய ஆசீர்வாதம். ஆனால் வருஷக்கணக்கில் போட வேண்டும், செலவும் அதிகம். அதை நிபுணர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, யாரோ ஜிம்மில் கொடுக்கிற ஊசி இருக்கிறதே, அதை அண்டவே விடாதீர்கள். ஆண்மை ஹார்மோன் கலந்த ஊசி முதலில் உடம்பை முறுக்கேற்றும். பிறகு எலும்பின் குருத்தைக் காலத்துக்கு முன்பே மூடிவிடும். வளர வேண்டிய பிள்ளையைக் குட்டையாக நிறுத்திவிடும்.

உயரத்தைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே நம் தேசத்தில் குற்றம். 1954-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவ விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் மனிதரின் உயரமும் இருக்கிறது. எழுபது வருஷமாகச் சட்டம் இருந்தும் பார்சல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் கவலை இருக்கும்வரை அவர்களுக்கு வியாபாரம் இருக்கும். டப்பா பானங்களையும் 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் போட்டு விற்கக் கூடாது என்று மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது.

அந்தப் பணத்தைச் சாப்பாட்டில் போடுங்கள். முட்டை, பருப்பு, கேழ்வரகு, வேர்க்கடலை, கீரை, மீன், பால். பள்ளிக்கூடத்தில் முட்டையோடு சத்துணவு தருகிறார்கள். 1982-ல் தொடங்கிய திட்டம் அது. அதைச் சாப்பிட உங்கள் பிள்ளை கூச்சப்பட வேண்டியதில்லை. ஷிப்ட் நேரத்தால் வீடே விழித்திருந்தாலும் பிள்ளையைத் தூங்க விடுங்கள். வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டாரும் இதைக் கேளுங்கள். உயரத்தின் அஸ்திவாரம் கர்ப்பத்திலும் முதல் இரண்டு வயதிலும் போடப்படுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாலு பேரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்.

முடிவாக வேதத்திலிருந்து ஒரு காரியம். கவலையினால் ஒருவன் தன் அளவைக் கூட்ட முடியுமா என்று இயேசு கேட்டது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே வருகிற கிரேக்கச் சொல் 'ஹெலிக்கியா'. அதற்கு உயரம் என்றும் பொருள், வயது என்றும் பொருள். மரத்தில் ஏறிய சகேயுவின் குள்ளத்தைச் சொல்லும்போதும், பன்னிரண்டு வயதுக்குப் பின் இயேசு வளர்ந்ததைச் சொல்லும்போதும் லூக்கா அதே சொல்லைத்தான் எழுதுகிறார். உயரமும் வயதும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் காலம் உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளையின் காலத்தை வைத்து உங்கள் பிள்ளையை அளக்க வேண்டாம்.

தொழிற்சாலையில் கேஜுக்கு ஒத்துவராத பாகம் சிவப்புப் பெட்டிக்குப் போகும். அங்கே அது நியாயம். எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். வீட்டில் சிவப்புப் பெட்டி இருக்கக் கூடாது. உயரமான எலியாபைக் கண்டு இவன்தான் ராஜா என்று நினைத்த சாமுவேலைத் தேவன் தடுத்து நிறுத்தினார். நம் காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா உயரம் குறைந்தவர்தான். 1967-ல் இந்த மாநிலத்தை ஆளும் பொறுப்பை மக்கள் அவரிடம் கொடுத்தபோது யாரும் டேப்பை எடுக்கவில்லை.

ஆகையால் பெற்றோரே, விருந்தாளிகள் முன்னால் பிள்ளையின் உயரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். தம்பியோடு முதுகு சேர்த்து நிறுத்திப் பார்க்காதீர்கள். காவலர் வேலை கிடைக்காமல் போனால், அவனுடைய கைக்கும் மூளைக்கும் ஏற்ற வேறு வழியை அவனோடு உட்கார்ந்து யோசியுங்கள். அவன் பேசாமல் இருந்தால், பேசும்வரை பக்கத்தில் இருங்கள்.

எக்ஸ்ரேக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் பணம் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். முகம் தெரியாத நண்பர்கள் அனுப்பும் காணிக்கை அதற்காகவே இருக்கிறது. அவர்களுக்காக நாம் நன்றி செலுத்துவோம்.

வீட்டுக்குப் போனதும் ஒரு பென்சிலை எடுங்கள். கோடு போடுங்கள், தேதி எழுதுங்கள். பிறகு அந்தத் தலைமேல் கை வைத்து ஆசீர்வதியுங்கள். அளக்கிற கையும் ஆசீர்வதிக்கிற கையும் ஒன்றாக இருக்கட்டும். கர்த்தர் உங்கள் பிள்ளைகளைக் காத்து வளர்ப்பாராக. ஆமென்.