பறக்கத் தகுதி உண்டா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"உன் வேலையைப் பத்திப் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் கட்டளை போட்டுவிட்டார். விமானத் துறை என்றதும் "பைலட்டா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் "அப்போ மெக்கானிக்கா?" என்பார்கள். அதுவும் இல்லை. டி.ஜி.சி.ஏ. என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில், விமானங்கள் பறக்கத் தகுதியோடு இருக்கின்றனவா என்று மேற்பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தேரோட்டத்துக்கு முன்னால் பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து அச்சு, சக்கரம் எல்லாம் பார்த்துத் தகுதிச் சான்று கொடுக்கிறார் இல்லையா? தேரைச் செய்தவர் அவரில்லை. ஆனால் அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வடம் பிடிக்கலாம். எங்கள் வேலையும் அப்படித்தான். பழுது பார்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. உரிமம் பெற்ற இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த உரிமத்தைக் கொடுப்பது, பணிமனையை அங்கீகரிப்பது, திடீர்ச் சோதனை போடுவது, ஆண்டுதோறும் தகுதியை மறுபரிசீலனை செய்ய வைப்பது இதெல்லாம் இயக்குநரகத்தின் பொறுப்பு. ஒரே வித்தியாசம், தேர் வருஷத்துக்கு ஒருநாள் ஓடும். விமானம் ஒரே நாளில் ஆறேழு தடவை ஏறி இறங்கும்.

ஆகவே கணக்கு வைத்தாக வேண்டும். விமானி கண்ட குறையைப் பதிவேட்டில் எழுதுகிறார். 1000 பறக்கும் மணிக்கு ஒரு பம்பின் மேல் எத்தனை புகார், எத்தனை தடவை காலத்துக்கு முன்பே கழற்ற நேர்ந்தது, இன்ஜின் வானத்திலேயே எத்தனை தடவை நின்றது என்று மாதாமாதம் பார்ப்போம். முந்தைய சராசரிக்கு மேல் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அதைத் தாண்டினால் நிறுவனம் காரணம் சொல்ல வேண்டும். பிசிக்ஸ் லேபில் சலித்துக்கொண்டே போட்டோமே திட்டவிலக்கம், அந்தக் கணக்குதான் இங்கே கோடு போடுகிறது! பிள்ளையார்பாளையத்தில் கேளுங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு நெய்வார்கள். தினமும் அதே இடத்தில் அறுந்தால் தறியில் என்ன கோளாறு என்று தேடுவார்கள்.

பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் வைத்திருந்தால் என்ன ஆகும்? மடிப்பிலேயே இற்றுப்போகும். அதனால்தான் வீட்டில் அம்மாக்கள் அவ்வப்போது மடிப்பை மாற்றி வைக்கிறார்கள். விமானத்துக்கும் அதே கதி உண்டு. ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உடல் காற்றழுத்தத்தில் உப்பும், இறங்கும்போது தளரும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோகா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று 24,000 அடி உயரத்தில் போகும்போது மேற்கூரையில் சுமார் 18 அடி நீளம் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்ற 94 பேரோடு விமானம் தரையிறங்கியது. அது தீவுக்குத் தீவு தாவிய விமானம். 89,680 தடவை பறந்திருந்தது. ரிவெட் வரிசையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. ஏறும்போதே ஒரு விரிசலைப் பார்த்ததாகவும் யாரிடமும் சொல்லவில்லை என்றும் பயணி ஒருவர் பிறகு சொன்னார்.

விசாரணை அறிக்கை நிறுவனத்தின் பராமரிப்பைக் குறை சொன்னது. அதோடு விடவில்லை. அந்தப் பராமரிப்புத் திட்டத்தை அரசு அமைப்பு சரியாக மதிப்பிடவில்லை என்றும் எழுதியது. எங்களைப் போன்றவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பகுதி அதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 மார்ச்சில், பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கோளாறுக்காக 11 ஏ320 நியோ விமானங்களை இயக்குநரகம் உடனே நிறுத்தியது. பயணிகள் தவித்தார்கள், திட்டினார்கள். அடுத்த ஆண்டு இன்ஜின்கள் மீண்டும் தகராறு செய்தன. டர்பைன் தகடு தேறவில்லை. இண்டிகோவின் 97 விமானங்களில் பழைய இன்ஜின்களை 2020 ஜனவரி 31-க்குள் மாற்ற வேண்டும் என்று உத்தரவு போனது. அவ்வளவு மாற்று இன்ஜின்கள் கைக்கு வராததால் கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. மேற்பார்வை என்பது இப்படித்தான், ஐயா. நிறுத்தினால் ஊர் திட்டும். நிறுத்தாமல் ஒன்று நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

எனக்கும் போன்கள் வந்ததுண்டு. "நூத்தி எண்பது பேர் காத்திருக்காங்க சார், ஒரு சின்ன விஷயம்தானே?" என்பார்கள். "அந்த நூத்தி எண்பது பேருக்காகத்தான் சார் சொல்றேன்" என்று பதில் சொல்வேன். கோபப்படாமல் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

மேற்பார்ப்பவரையும் மேற்பார்ப்பவர் உண்டு. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. இந்தியாவின் பாதுகாப்பு மேற்பார்வையை இரண்டாம் நிலைக்கு இறக்கியது. போதுமான பரிசோதகர்கள் இல்லை என்பது முக்கியமான குறை. ஆட்களை நியமித்துக் குறைகளைச் சரிசெய்த பிறகு, 2015 ஏப்ரலில்தான் முதல் நிலை திரும்பக் கிடைத்தது. சட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்க்கிற கண்கள் வேண்டும். நான் இருந்த காலத்து 1934-ம் ஆண்டுச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. கண்களின் தேவை மட்டும் மாறவில்லை.

அதனால் மாணவர்களுக்குச் சொல்கிறேன். இயற்பியலும் கணக்கும் படித்தவர்களுக்கு இதில் இடம் உண்டு. பராமரிப்பு இன்ஜினியர் உரிமத்துக்குப் படிக்கலாம். பொறியியல் படித்தவர்கள் மத்தியத் தேர்வாணையம் வழியாக வான்தகுதி அதிகாரியாகலாம். கைதட்டல் கிடைக்காத வேலை இது. நாம் ஒழுங்காகச் செய்தால் பேப்பரில் எந்தச் செய்தியும் வராது. அந்தச் செய்தி வராத நாள்தான் எங்களுக்குச் சம்பளம்.