செயலி யாருக்காக?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, மூன்று பிளாக்குகளிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, நண்பர்களே! பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. போன மாதம் நம் கேட்டுக்கு ஒரு செயலியைச் சோதனை முறையில் கொண்டுவந்தோம் அல்லவா? அதைத் தேர்ந்தெடுத்த மூன்று பேரில் நானும் ஒருவன். பல வருடமாகக் கணினி மென்பொருள் வேலையில் இருப்பவன் என்பதால், மற்ற இருவரும் என் பேச்சை நம்பினார்கள். விற்க வந்தவர் காட்டிய டெமோவை ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னேன். கேட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஊசி போட வந்த நர்ஸ், மழையில் இருபது நிமிடம் வெளியே நின்றார். செயலியில் ‘அனுமதி’ வரவில்லை. அனுமதி கேட்கும் செய்தி போனது அந்த அம்மாவின் போனுக்கு இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனின் போனுக்கு. அங்கே அப்போது நடு இரவு. அனுமதி இல்லாமல் உள்ளே விட்டால் தன் வேலை போய்விடுமோ என்று நம் வாட்ச்மேனுக்குப் பயம். மறுநாள் நான் போய் வருத்தம் சொன்னபோது அந்த அம்மா, “தம்பி, எனக்கு இதெல்லாம் சரியாப் பாக்கத் தெரியல, என் மேலதான் தப்பு” என்றார்கள்.

அந்த வார்த்தைதான் என்னை இன்று பேச வைக்கிறது. தப்பு அவர்கள் மேல் இல்லை. அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன், அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி 1988இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் வலியுறுத்தினார்: ஒரு கதவைத் திறக்கத் தெரியாமல் பலரும் தடுமாறினால், குறை கதவில் இருக்கிறது. ‘பயனரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு’ என்று எங்கள் துறையில் சொல்வதன் அடிப்படை இதுதான். யார் பயன்படுத்தப் போகிறாரோ அவரிடமிருந்து தொடங்க வேண்டும், கருவியிலிருந்து அல்ல.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் ஓரிக்கையிலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளியில் படித்திருப்போம். அதை ஒரு வடிவமைப்பாளனின் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். சிறியவர், பெரியவர் எல்லாரும் கூடிய சபையில், வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லார் கண்ணிலும் படும்படி தூக்கிப் பிடித்தார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அதே சிறுவன் எடுத்துக் கொடுத்தான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருந்த நம்பிமாரும் படிக்க வேண்டும்.

விரலை எப்படி வைக்க வேண்டும் என்பது வரை எழுதி வைத்தது எதற்காக? கையில் வேறு ஓலையை மறைத்து வைத்திருக்கிறாரோ என்ற சந்தேகம் கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் வரக்கூடாது என்பதற்காக. என்ன நடக்கிறது என்பது சம்பந்தப்பட்டவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இது முதல் பாடம்.

இன்னொன்றும் உண்டு. முதல் கல்வெட்டு கி.பி. 919ஐச் சேர்ந்தது, இரண்டாவது 921ஐச் சேர்ந்தது. இரண்டே ஆண்டில் விதிகளைத் திருத்திப் புதிதாக வெட்டினார்கள். கல்லில் வெட்டியதையே திருத்தினார்கள் என்றால், போன மாதம் போட்ட செயலியை நாம் திருத்தக் கூடாதா?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. அந்த முறையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35 முதல் 70 வயது என்று நிபந்தனைகள். பெண்களுக்கு இடமில்லை. முறையை வகுத்தவர்கள் தங்களைப் போன்றவர்களை மட்டுமே மனதில் வைத்தார்கள். கையில் புது ஸ்மார்ட்போன் வைத்திருந்த நாங்கள் மூவரும் செயலியைத் தேர்ந்தெடுத்தபோது செய்ததும் அதுதான். (கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மறுபடி பொறுப்பு கிடையாது என்றும் ஒரு விதி உண்டு. நம் பொருளாளர் ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிறார், கவலை இல்லை.)

நம் காலத்துக்கு வருவோம். நம் எல்லாருக்கும் பழக்கமான ஒரு மின்னணுக் கருவி வாக்குப்பதிவு இயந்திரம். அதன் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் முக்கியப் பங்காற்றியவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எழுத்தாளர் சுஜாதா என்பது நம்மில் பலருக்குத் தெரியும். முன்பு முத்திரை குத்தி, மை படாமல் மடித்துப் பெட்டியில் போட வேண்டும். இடம் மாறிக் குத்தினால் செல்லாத வாக்கு. 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றபோது வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று.

இயந்திரத்தில் என்ன செய்தார்கள்? எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்துப் பக்கத்தில் உள்ள நீலப் பொத்தானை அழுத்தலாம். சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு ‘பீப்’ கேட்கும். கண்ணுக்கும் காதுக்கும் பதில் கிடைக்கிறது. கை தவறி இரண்டாவது பொத்தானை அழுத்தினாலும் முதலில் அழுத்தியதுதான் கணக்கு. பார்வையற்றோருக்குப் பிரெயில் எண்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இந்த இயந்திரத்தில் வாக்களித்தோம்.

அதோடு நிற்கவில்லை. ‘நான் போட்டது சரியாகப் பதிவானதா?’ என்ற கேள்வி எழுந்தது. கேட்டவரைப் படிக்காதவர் என்று ஒதுக்கித் தள்ள முடியவில்லை. 2013இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதன்முதலாக ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தைச் சேர்த்தார்கள். இன்று ஏழு விநாடி அந்தச் சீட்டைக் கண்ணாடி வழியே பார்க்கிறோம். விரித்த உள்ளங்கை திரும்பி வந்துவிட்டது.

அருகில் இருக்கும் இன்னொரு உதாரணம், மளிகைக் கடையில் பணம் வந்ததும் தொகையைத் தமிழில் சொல்லும் சின்னப் பெட்டி. கடைக்காரரின் கையில் தராசு, எதிரே நாலு பேர். போனை எடுத்து மெசேஜ் பார்க்க நேரமில்லை. அவருக்குக் காது மட்டும்தான் காலியாக இருக்கிறது. அதைக் கவனித்தவர்கள் காதுக்குச் சொல்லும் கருவியைச் செய்தார்கள்.

கவனிப்பது, செய்து பார்ப்பது, திருத்துவது. முறை இவ்வளவுதான். ஐபிஎம் ஆய்வாளர்கள் ஜான் கோல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985இல் இதை மூன்று விதிகளாக எழுதினார்கள்: தொடக்கத்திலேயே பயனரையும் அவர் வேலையையும் அறிக, அவர் செய்வதை அளந்து பார்க்க, திருத்தித் திருத்திச் செய்க. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வீரர்களுக்கான குரல்செய்திச் சேவையைச் செய்தபோது கோல்டின் குழு, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் மாதிரியைத் தங்கள் கட்டிட நடைபாதையில் வைத்துப் போவோர் வருவோரிடம் கருத்துக் கேட்டது. நம் லிஃப்ட் வாசல் அதற்குப் போதாதா?

நான் தாமதமாகச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் விஷயத்துக்குப் பிறகு இரண்டு மாலை கேட்டில் வாட்ச்மேனோடு உட்கார்ந்தேன். ஒன்றும் பேசாமல் பார்த்தேன். திரையில் எல்லாம் ஆங்கிலம். அவர் தமிழ் நன்றாகப் படிப்பவர். வெயில் அடித்தால் திரை தெரியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். வருகிறவர்கள் வீட்டு எண் சொல்வதில்லை, “டாக்டர் வீடு”, “தறிக்காரர் வீடு” என்கிறார்கள். செயலிக்கு எண் மட்டும்தான் தெரியும். வீட்டு வேலைக்கு வருகிற அக்காக்களில் சிலரிடம் பட்டன் போன்தான். பெரியவர்கள் மணி அடித்தால் எடுக்கிறார்கள், திரையில் மின்னி மறையும் அறிவிப்பைப் பார்ப்பதில்லை. “சார், நோட்டுல எழுதினா யாரும் மழைல நிக்க மாட்டாங்க” என்றார் அவர். ஏசி அறையில் எனக்குத் தெரியாதது இரண்டு மாலையில் தெரிந்தது.

நோட்டே போதும், செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் எப்போது வந்தார் என்பதைத் தேடி எடுக்கவும், மெயிண்டனன்ஸ் ரசீது உடனே கிடைக்கவும், தண்ணீர் லாரிக் கணக்கை எல்லாரும் பார்க்கவும் அது உதவும். ஆண்டுச் சந்தா கட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்கிறேன்.

ஒன்று, செயலி தேறும்வரை நோட்டும் இன்டர்காமும் தொடரட்டும். நர்ஸ், ஆம்புலன்ஸ், மருந்து வந்தால் வாட்ச்மேனே உள்ளே விடலாம் என்று எழுத்தில் கொடுப்போம். அதற்காக அவர் மேல் யாரும் கோபப்படக் கூடாது.

இரண்டு, தமிழ்த் திரையும், அறிவிப்புக்குப் பதில் போன் மணியும், மகன் மகளோடு சேர்த்து வீட்டில் இருப்பவரின் எண்ணும் இல்லாத செயலியை வாங்க வேண்டாம்.

மூன்று, வாங்குவதற்கு முன் ஐந்து பேரை வைத்துப் பார்ப்போம். ஐந்து பேர் போதுமா என்று கேட்பீர்கள். ஒரு சுற்றுக்கு ஐந்து பேரே பெரும்பாலான குறைகளைக் காட்டிவிடுவார்கள் என்று ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 2000இல் எழுதினார். ஐவரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது. தனியாக இருக்கும் ஒரு பெரியவர், ஒரு வாட்ச்மேன், வீட்டு வேலை செய்யும் ஓர் அக்கா, வேலைக்குப் போகும் ஒருவர், கண் பார்வை குறைந்த ஒருவர். குறைகளைத் திருத்தச் சொல்லி, வேறு ஐந்து பேரோடு மறுபடி பார்ப்போம்.

நான்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த இதழில் ஒரு பக்கம்: வந்த புகார் என்ன, திருத்தியது என்ன, திருத்தாதது என்ன.

சோதனை நாளில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “இங்க அமுக்குங்க மாமா” என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். கை எங்கே தயங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தயங்கும் இடம்தான் செயலியின் குறை. சோதனைக்கு வருகிறவர்களும் தயங்க வேண்டாம். பரீட்சை செயலிக்கு, உங்களுக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏ பிளாக் லிஃப்ட் வாசலில் மேசை போட்டு, காகிதத்தில் வரைந்த திரைகளோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டாவது மாடி அம்மாவிடம்தான் முதலில் கேட்டேன். “எனக்குத் தெரியாதே தம்பி” என்றார்கள். “அதனாலதாம்மா உங்களைக் கூப்பிடறேன்” என்றேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் நான்கு பேர் வேண்டும். டீ குடிக்கும்போது பெயர் கொடுங்கள்.