தட்டை ஒதுக்கும் பிள்ளை



விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிடுறோம். இல்லேன்னா திராட்சைத் தோட்டத்து வேலை. பிள்ளை காலையில சாப்பிட்டுச்சான்னு பார்க்க ஆள் இல்ல. ராத்திரி தட்டை ஒதுக்கினா, "கொழுப்பு"ன்னு ஏசுறோம்.

எல்லாமே கொழுப்பு இல்லங்க. கோபம், பரீட்சை பயம், "குண்டாயிட்டியே"ன்னு சொந்தக்காரங்க சொன்ன சொல்லு, எல்லாம் சோத்துலதான் வெளிப்படும். சில பிள்ளை "விரதம்"னு சொல்லிப் பட்டினி கிடக்கும். சிலது ஒளிஞ்சு அள்ளித் தின்னுட்டு வாந்தி எடுக்கும். ஆம்பளப் பிள்ளைக்கும் இது வரும். இது நோய், வைத்தியம் உண்டு.

தட்டு முன்னால சண்டை வேண்டாம். உடம்பைக் கேலி பேச யாரையும் விடாதீங்க. ராத்திரி ஒருவேளையாவது சேர்ந்து உட்காருங்க. "ஏன் திங்கல"ன்னு கேட்காம, "மனசுல என்னம்மா"ன்னு கேளுங்க.

மாதவிலக்கு நின்னாலோ, மயக்கம் வந்தாலோ, எடை மளமளன்னு இறங்கினாலோ காத்திருக்காதீங்க. க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. 14416-க்கு எந்நேரமும் இலவசமாப் பேசலாம்.

சேமிப்பு, கடன் தவணை பேசுற நம்ம கூட்டத்துல, இனிமேல் பிள்ளைங்க சாப்பாட்டையும் அஞ்சு நிமிசம் பேசுவோம்.