பிறர் பெயர் நம் கையில்!
ஹோஸ்டிங் தொழிலில் இறங்கும் இளைஞர்களுக்கு

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட தொழில் வழிகாட்டி முகாமில் ஆற்றிய உரை)

 

ஒரு கடை வைக்க என்ன வேண்டும்? இடம் வேண்டும். அட்வான்ஸ் வேண்டும். சரக்கு வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இளைஞன் என்ன செய்வான்? விசாவுக்காக ஏஜெண்டுகளின் பின்னால் அலைவது ஒன்றுதான் வழியா? இல்லை. ஒரு கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் கற்றுக் கொள்ளும் பொறுமையும் இருந்தால் தொடங்கக் கூடிய தொழில்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அதுதான் ஹோஸ்டிங் ரீசெல்லர் தொழில்.

ரீசெல்லர் என்றால் யார்?

ஒருவர் பெரிய கட்டடத்தில் ஒரு மாடியை மொத்தமாக வாடகைக்குப் பிடிக்கிறார். அதைச் சிறு சிறு கடைகளாகத் தடுத்து உள்வாடகைக்கு விடுகிறார். இதே வேலைதான் இதுவும். சர்வர் பெரிய கம்பெனிக்குச் சொந்தம். மின்சாரம், இயந்திரப் பழுது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதில் ஒரு பகுதியை நீங்கள் மாத வாடகைக்கு எடுத்து, உங்கள் ஊர் ஜவுளிக் கடைக்கும், தோல் ஏற்றுமதியாளருக்கும், பள்ளிக்கூடத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறீர்கள். அவர்களுக்குப் பெரிய கம்பெனியைத் தெரியாது. உங்களைத்தான் தெரியும். தளம் நின்று போனால் போன் உங்களுக்குத்தான் வரும்!

லாபம் எவ்வளவு?

முதலில் கணக்கைப் பார்த்து விடுவோம். கனவில் இறங்கி நஷ்டத்தில் எழக் கூடாது அல்லவா? உதாரணத்துக்கு, மாத வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 18,000. வாடிக்கையாளர் ஒருவரிடம் ஹோஸ்டிங்குக்கு மட்டும் ஆண்டுக்கு 2,000 வாங்கினால், ஒன்பது பேர் சேர்ந்தால்தான் போட்ட பணம் திரும்பும். இருபது பேர் சேர்ந்தால் மீதி 22,000. மாதம் இரண்டாயிரம் கூட இல்லை!

ஆகவே ஹோஸ்டிங்கை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. தளம் வடிவமைப்பது, மாதந்தோறும் பராமரிப்பது, படங்களும் விலைப்பட்டியலும் மாற்றித் தருவது, இவற்றில்தான் வருமானம். ஹோஸ்டிங் என்பது வாடிக்கையாளரை ஆண்டுதோறும் உங்களிடம் வரவழைக்கும் கயிறு.

இன்னொன்று. ‘ஒரு முறை கட்டினால் ஆயுள் முழுதும் இலவசம்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுத்து விடாதீர்கள். இத்தொழிலில் பெரும்பாலோர் பயன்படுத்தி வந்த சிபேனல் என்ற மென்பொருளின் உரிமையாளர்கள், 2019ஆம் ஆண்டில் கட்டண முறையையே மாற்றினார்கள். ஒரு சர்வருக்கு இவ்வளவு என்றிருந்தது, கணக்குகளின் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று ஆனது. பல ரீசெல்லர்களின் செலவு திடீரென ஏறியது. பழைய விலைக்கு நீண்ட கால வாக்குக் கொடுத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

வாடிக்கையாளர் தளத்தை அமைப்பது எப்படி?

முதலாவதாக, பெயர். டொமைன் என்று சொல்கிறோமே, அந்தப் பெயரை வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சல், அவருடைய தொலைபேசி எண் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். உங்கள் பெயரில் செய்யாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்படுவார்.

இரண்டாவதாக, கணக்கு. உங்கள் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்து, இடம் இவ்வளவு, மின்னஞ்சல் முகவரி இத்தனை என்று அளவு நிர்ணயித்து விடுங்கள். சோம்பல் பட்டு நான்கு தளங்களை ஒரே கணக்கில் போட்டால், ஒன்றில் திருடன் புகுந்தாலும் நான்கும் போய் விடும்.

மூன்றாவதாக, நேம்சர்வர். ‘இந்தப் பெயருக்கு உரிய தளம் எந்த சர்வரில் இருக்கிறது’ என்று உலகத்துக்கு வழி காட்டுவது இதுதான். இதை உங்கள் சொந்த டொமைனின் பெயரிலேயே அமைத்துக் கொள்ளுங்கள். நாளை நீங்கள் வேறு கம்பெனிக்கு மாறினாலும், ஒவ்வொரு வாடிக்கையாளரின் பதிவிலும் போய் மாற்ற வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தில் எண்களை மாற்றினால் போதும். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ ஒன்றிரண்டு நாட்கள் கூட ஆகலாம். அதுவரை பழைய கணக்கை மூடி விடாதீர்கள்.

நான்காவதாக, மின்னஞ்சல். பலர் சறுக்குவது இங்கேதான். பழைய இடத்திலிருந்து தளத்தை மாற்றும் போது, கடிதங்கள் எங்கே வந்து சேருகின்றன என்று பார்ப்பதில்லை. நேம்சர்வரை மாற்றியதும் தளம் அழகாகத் தெரியும். கடிதம் மட்டும் வராது! ஏற்றுமதி ஆர்டருக்காகக் காத்திருக்கும் வியாபாரிக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு? ஆகவே பழைய பதிவுகளை எல்லாம் முதலில் குறித்துக் கொண்டு, பிறகு கை வையுங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் சேர்த்து விடுங்கள். ‘இந்தக் கடிதம் உண்மையாகவே இந்தக் கம்பெனியிலிருந்துதான் வருகிறது’ என்பதற்கு அவை சாட்சி. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பைக் கூட்டி விட்டன.

ஐந்தாவதாக, எஸ்எஸ்எல் சான்றிதழ். அது இல்லாத தளங்களை ‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் உலாவி 2018 ஜூலை முதல் முத்திரை குத்துகிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இதை இலவசமாகவே தருகிறது. ஆனால் குறுகிய காலமே செல்லும். தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். இலவசமாகக் கிடைப்பதைப் பெரும் தொகைக்கு விற்பதும் நாணயம் ஆகாது.

தீ விபத்து தரும் பாடம்

2021 மார்ச் 10 அன்று, பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கம்பெனியின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் கம்பெனிகளில் ஒன்று அது. ஒரு கட்டடம் முழுவதுமாக அழிந்தது. ஏராளமான தளங்கள் நின்று போயின. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டு வந்தார்கள். நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள்? அசலும் போயிற்று, நகலும் போயிற்று!

‘கம்பெனி பேக்கப் எடுக்கிறது’ என்று கை கட்டி இருந்து விடாதீர்கள். நீங்களும் ஒரு நகலை வேறிடத்தில் வையுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. சில மாதங்களுக்கு ஒரு முறை அதிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்பிப் பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாததே.

பணமும் அமானிதமே!

வாடிக்கையாளர் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே தருகிறார். அதில் டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய தொகையும் இருக்கிறது. அது உங்கள் லாபம் அல்ல, அமானிதம். தனியே எடுத்து வையுங்கள். டாட் காம் பெயர் காலாவதியானால் உடனே போய் விடுவதில்லை. பதிவு செய்த கம்பெனி சில நாள் அவகாசம் தரலாம். பிறகு 30 நாட்கள் மீட்புக் காலம். ஆனால் கட்டணம் பல மடங்கு. அதன் பின் ஐந்து நாட்களில் பெயர் சந்தைக்கு வந்து விடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இருபது வருடம் உழைத்துச் சேர்த்த ஒரு கடையின் பெயர், உங்கள் கவனக்குறைவால் அந்நியன் கைக்குப் போகலாமா?

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

பெரியவர்களே! ‘பையன் எல்லாம் பார்த்துக் கொள்வான்’ என்று விட்டு விடாதீர்கள். ஐந்து கேள்விகள் கேளுங்கள். பெயர் யார் பேரில் பதிவாகி இருக்கிறது? அது முடியும் தேதி என்ன? அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறதா? பேக்கப் எங்கே இருக்கிறது? நாளை நான் வேறு ஒருவரிடம் போக விரும்பினால் எல்லாவற்றையும் தருவாயா?

தம்பிமார்களே! இந்தக் கேள்விகளை அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து விடுங்கள். போகிற வாடிக்கையாளரைச் சாவியைப் பிடித்து வைத்துத் தடுக்கிறவனிடம் புதியவர் எவரும் வர மாட்டார். சிரித்த முகத்தோடு சாவியைக் கொடுத்து அனுப்புகிறவனிடம், போனவரே நான்கு பேரை அழைத்து வருவார்.

குறைந்த முதலில் தொடங்கலாம் என்பதால் இது சிறிய தொழில் என்று எண்ணி விடாதீர்கள். பிறருடைய பெயரும் கடிதமும் கணக்கும் உங்கள் கையில் இருக்கின்றன. முதலில் ஒரே ஒரு வாடிக்கையாளரை எடுத்துக் கொள்ளுங்கள். அவர் தளத்தை ஓராண்டு குறையில்லாமல் நடத்திக் காட்டுங்கள். இரண்டாமவர் தானாக வருவார்.