பழைய காரும் மாற்று எஞ்சினும்



பழைய மோட்டார்க் காரொன்றில் வேறோர் எஞ்சினைப் பொருத்தும் வேலையைப் பற்றிச் சிறிது நேரம் பேச விரும்புகிறேன். நாற்பது ஆண்டுகளாகப் பட்டறையிலேயே வாழ்ந்தவன் நான். இவ்வேலையில் நான் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, முதல்முறை செய்த பிழையினால் அறிந்ததே. ஆகையால் அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தந்தையார் சேலத்தில் வாடகைக் கார் ஓட்டி எங்களை வளர்த்தவர். அவருடைய வண்டி 1964-ஆம் ஆண்டு அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை முன்மாதிரியாகக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை செய்துவந்த வண்டி அது. அதன் பெட்ரோல் எஞ்சினில் நான்கு உருளைகள். ஒவ்வோர் உருளையின் உள்விட்டமும் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1489 கன சென்டிமீட்டர் என்ற அதன் கொள்ளளவை ஒட்டி விடை வரும்.

1986-இல் அந்த எஞ்சின் தளர்ந்துவிட்டது. பெட்ரோல் விலையோ வாடகையை விழுங்கியது. டீசல் மலிவு. என் தங்கையின் திருமணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தொழிற்பயிற்சி முடித்த பெருமிதத்தில் இருந்த நான், பழுதாகிக் கிடந்த ஒரு வேனின் டீசல் எஞ்சினை வாங்கி அம்பாசிடரில் வைத்துவிடலாம் என்றேன். தந்தையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வண்டி அதைத் தாங்குமா தம்பி?” இடம் இருக்கிறது, தாங்கும் என்றேன். இடமும் தாங்குதலும் ஒன்றல்ல என்பது அன்று எனக்குத் தெரியாது.

எஞ்சினைப் பழைய கியர்ப் பெட்டியோடு சேர்ப்பதே கடினமான வேலை என்று எண்ணி, என் கவனம் முழுவதையும் அதில் செலுத்தினேன். இரண்டுக்கும் இடையே ஓர் இரும்புத் தகடு கடைந்து வைக்கவேண்டும். எஞ்சினின் கிராங்க் தண்டும் கியர்ப் பெட்டியின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். மில்லிமீட்டரில் சிறு பின்னம் விலகினாலும் கிளட்ச் நாளடைவில் தேய்ந்து குலையும். லேத்தில் மூன்று நாள் நின்று அதைச் சரியாகவே செய்தேன். அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டி வண்டியின் குறுக்கு விட்டத்தில் இடித்தது. வெட்டி மறுபடி பற்றவைத்தேன். பெட்ரோல் எஞ்சின் காற்றை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக அழுத்துகிறது. டீசல் எஞ்சின் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதைச் சுழற்றித் தொடங்கப் பெரிய பாட்டரி வேண்டும், அதையும் வைத்தேன். வண்டி கிளம்பிற்று. தெருவே கூடி நின்று பார்த்தது.

புது எஞ்சினின் கனத்தால் முன்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்ததை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. இன்னொன்றையும் நான் பொருட்படுத்தவில்லை. பழைய எஞ்சினில் புகை ஒரு பக்கமாக வெளியேறியது, இதில் மறுபக்கம். எனவே சைலன்சர்க் குழாயைப் புது வழியில் கொண்டுபோனேன். அந்த வழியில்தான் பிரேக் எண்ணெய் செல்லும் மெல்லிய குழாய் இருந்தது.

மூன்றாம் வாரம் ஏற்காட்டுக்கு ஒரு சவாரி. பயணிகளை மேலே இறக்கிவிட்டுத் தந்தையாரும் நானும் திரும்பினோம். அந்த மலைப்பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உண்டு. பாதி இறங்கியிருப்போம், பிரேக் மிதி தரைவரை தணிந்தது. வண்டி நிற்கவில்லை. “கதவைப் பிடித்துக்கொள்” என்று மட்டும் சொன்னார். கியரைக் கீழே தள்ளி, கைப்பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, வண்டியின் விலாவை மலைச்சுவரோடு உராயவிட்டு நிறுத்தினார். மறுபுறம் பள்ளம்.

அரைமணி நேரம் கழித்து மிதியை அழுத்திப் பார்த்தேன். பழையபடி கெட்டியாக இருந்தது! அதுவே எனக்குத் துப்பாயிற்று. சைலன்சர்ச் சூட்டினால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகியிருந்தன. திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ சுருங்கிக்கொடுத்துவிடும். கனம் கூடிய முன்பக்கத்தை நிறுத்த முயன்று பிரேக்குகளும் சூடேறியிருந்தன. கைப்பிரேக் எண்ணெயை நம்பாமல் கம்பியால் இயங்குவது. அதனால் உயிர் பிழைத்தோம். தந்தையார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எஞ்சின் மாற்றமே கூடாது என்று சொல்ல வரவில்லை. உத்தரபாராக்காரர்களே மாற்றினார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு எஞ்சினை, 1817 கன சென்டிமீட்டர் கொண்டதை, அதே உடலில் வைத்தார்கள். ஆனால் அதனோடு ஐந்து கியர்ப் பெட்டியும் சேர்ந்து வந்தது. இங்கிலாந்திலிருந்து 1964-இல் வெளிவந்த சன்பீம் டைகர் இன்னும் சுவையான கதை. சிறிய சன்பீம் ஆல்பைன் காரில் எட்டு உருளைகள் கொண்ட போர்டு எஞ்சினைத் திணித்தார்கள். இடம் போதாமையால் ஸ்டீயரிங் அமைப்பையே மாற்ற நேர்ந்தது. அப்படியும் பின்கோடியிலுள்ள ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, பயணிகள் பக்கத் தடுப்புத் தகட்டில் துளையிட்டு ரப்பர் மூடி போட்டார்கள்! இப்போது பழைய கார்களில் மின்மோட்டார் பொருத்துவோரும் இருக்கிறார்கள். அவர்களும் பாட்டரிகளின் கனத்தை எங்கே இறக்கி வைப்பது என்றே முதலில் கேட்கவேண்டியவர்கள். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதை வீண் தொல்லை என்று என் வயதில் பலர் முணுமுணுப்பார்கள். அந்த மலைச்சுவரைத் தொட்டவன் முணுமுணுக்கமாட்டான்.

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், கழற்றிய பழைய எஞ்சினைக் காயலான் கடைக்குப் போடாமல் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்ததுதான். 2009-இல் அதைப் பிரித்துப் புதுப்பித்தேன். 2000-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஈயம் கலவாத பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. பழைய பெட்ரோலிலிருந்த ஈயம் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்துவந்தது; அது இல்லாமையால் அவ்விடங்களில் கடினமான எஃகு வளையங்களைப் பதித்தேன். பிறகு எஞ்சினை அதன் பழைய இடத்திலேயே பூட்டினேன்.

ஓட்டிப் பார்க்கத் தந்தையாரை அழைத்தேன். அவர் சாவியை வாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தள்ளாத வயதில் தரையில் குனிந்து, சைலன்சர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பார்த்தார்.