கடைசிச் சம்பளத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

(ஓய்வு வயதை நெருங்கும் ஆலைத் தொழிலாளர்களின் கூட்டத்தில் வைத்திய இன்ஷூரன்ஸ் பற்றி ஆற்றிய உரையின் வாசகம்.)

ஐம்பத்தெட்டு வயது நிறைந்ததும் நிர்வாகம் நமக்கு மாலை போடுகிறது. கைகுலுக்குகிறது. போட்டோ எடுக்கிறது. மறுநாள் காலை ஆலைச் சங்கு ஊதும்போது நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம். அதுவரை சம்பளத்தோடு ஒட்டிவந்த வைத்திய வசதியில் பெரும்பகுதி அந்த ஓர் இரவில் அறுந்து போகிறது. முப்பது வருஷம் இயந்திரத்தின் முன் நின்ற முழங்காலும், பஞ்சுத் தூசியை இழுத்த நுரையீரலும் வைத்தியம் கேட்கத் தொடங்கும் வேளையில்தான் இது நடக்கிறது.

இந்த வேளையில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு வாசலுக்கு வருகிறார். கிராஜுவிட்டிப் பணமும் பிராவிடண்டு பண்டும் கைக்கு வந்திருப்பது அவருக்குத் தெரியும். நாம் என்ன செய்வது? எது ஏற்கெனவே நம் உரிமை? அதற்கு மேல் எதை விலை கொடுத்து வாங்கலாம்? எதை வாங்கி ஏமாறக் கூடாது? இந்தக் கேள்விகளுக்கு இன்று விடை தேடுவோம்.

முதலில் நம் உரிமை

இ.எஸ்.ஐ. யாரும் நமக்குப் போட்ட பிச்சை அல்ல. 1948-ல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955-ல் கோவைக்கு வந்தது. மாதந்தோறும் நம் கூலியிலிருந்தும் பிடித்துத்தான் அது நடக்கிறது.

ஓய்வு பெற்றதும் இ.எஸ்.ஐ. முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதை எட்டி வெளியேறும் தொழிலாளியும் அவருடைய மனைவி அல்லது கணவரும், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி வைத்திய வசதியைத் தொடரலாம் என்பது வெகுகாலமாக உள்ள விதி. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆகவே ஓய்வு பெறும் மாதத்திலேயே கிளை அலுவலகத்துக்குச் சென்று, படிவத்தையும் தொகையையும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பணிச் சான்றிதழை நிர்வாகத்திடமிருந்து கையோடு வாங்கிவிட வேண்டும்.

இன்னொரு சாரார் இருக்கிறோம். 2017 ஜனவரியில் இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாம் போராடிப் பெற்ற கூலி உயர்வால் அந்த வரம்பைத் தாண்டி, கம்பெனியின் குரூப் இன்ஷூரன்சுக்குள் போனவர்கள் நாம். அந்தக் குரூப் பாலிசி நம் பெயரில் உள்ளதல்ல. கம்பெனியின் பெயரில் உள்ளது. வேலை போனால் அதுவும் போகும். ஆனால் அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. குரூப்பில் கழித்த ஆண்டுகளும் கணக்கில் சேரும். இதை வேலையில் இருக்கும்போதே எழுத்து மூலம் கேட்க வேண்டும். பாலிசி அறுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் மறக்க வேண்டாம். 2022 ஜனவரியில் அதன் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. வேலையில் இருந்தபோது நமக்கு அதில் இடமில்லை. சம்பளம் நின்ற பிறகு பல குடும்பங்கள் தகுதி பெறக்கூடும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு போய் விசாரிக்க வேண்டும்.

மத்திய சர்க்கார் 2024 அக்டோபர் 29 அன்று 70 வயது நிறைந்த எல்லோருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நல்லது. ஆனால் நமக்கு வேலை போவது 58-ல். இடையே உள்ள பன்னிரண்டு ஆண்டுகள் நோய் நம்மைப் பார்க்காமல் காத்திருக்குமா?

55 வயதிலேயே முடிவு

உரிமைகளைப் பத்திரப்படுத்திய பிறகே கூடுதல் பாலிசியைப் பற்றி யோசிக்க வேண்டும். அதில் பிரிமியத்தைவிட முக்கியமான கணக்கு, காலக் கணக்கு.

பாலிசி வாங்கும்போது ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றுக்குக் கம்பெனிகள் காத்திருப்புக் காலம் வைக்கின்றன. 2024 ஏப்ரல் முதல் அது 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இதன் பொருள் என்ன? 58-ல் வாங்கினால், மிகவும் தேவையான முதல் மூன்று ஆண்டுகளில் அந்த நோய்களுக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். 55-ல் வாங்கினால், இ.எஸ்.ஐ.யோ கம்பெனிப் பாலிசியோ நம்மைக் காக்கும் காலத்திலேயே காத்திருப்பு கழிந்துவிடும். ஓய்வு பெறும் நாளில் முழுப் பாதுகாப்பு கையில் இருக்கும். 65 வயது தாண்டியவருக்கும் பாலிசி தரலாம் என்று விதி மாறியிருப்பது உண்மைதான். ஆனால் பிந்தப் பிந்தப் பிரிமியம் ஏறும்.

எதை வாங்குவது?

"சூப்பர் டாப்-அப்" என்று ஒன்று மலிவாக விற்கிறார்கள். "டாப்-அப்" என்று மட்டும் சொல்லி இன்னொன்றும் விற்கிறார்கள். பெயர் ஏறத்தாழ ஒன்று, குணம் வேறு. இரண்டிலும், குறிப்பிட்ட தொகை வரை செலவு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். அதற்கு மேல்தான் அவர்கள் தருவார்கள். அந்தத் தொகை 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் இருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து, ஒவ்வொரு தடவையும் 2 லட்சம் ஆகிறது. டாப்-அப் ஒவ்வொரு தடவையையும் தனித்தனியே பார்க்கும். ஒரு காசும் வராது. சூப்பர் டாப்-அப் ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்க்கும். 1 லட்சம் கிடைக்கும்.

ஆனால் அந்த முதல் 3 லட்சத்தை யார் தருவார்? அடிப்படைப் பாலிசி ஒன்று இருந்தால் அது தரும். இ.எஸ்.ஐ. மட்டும் உள்ளவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால், தம் கிராஜுவிட்டியிலிருந்துதான் தர வேண்டும். ஆகையால் மலிவைக் கண்டு மயங்க வேண்டாம். குரூப் பாலிசியிலிருந்து தனிப் பாலிசிக்கு மாறுகிறவருக்கு, அதன் தொகைக்குப் பொருத்தமான சூப்பர் டாப்-அப் உதவும். இ.எஸ்.ஐ. மட்டும் உள்ளவருக்கு, கட்ட முடியுமானால் சிறிய அடிப்படைப் பாலிசியே மேல். கட்ட முடியாதென்றால் கடன் வாங்கிக் கட்ட வேண்டாம். இ.எஸ்.ஐ.யையும் சர்க்கார் ஆஸ்பத்திரியையும் உறுதியாகப் பற்றிக்கொள்வோம்.

சிறிய எழுத்தில் உள்ளவை

கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்போம்.

ஒன்று: அறை வாடகை வரம்பு. நாளைக்கு 4,000 ரூபாய் என்று வரம்பு இருந்து 8,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் போன்றவையும் பாதியாக வெட்டப்படலாம்.

இரண்டு: நம் பங்கு. 20 சதவீதம் நாமே கட்ட வேண்டும் என்ற ஷரத்து இருந்தால், 5 லட்சம் பில்லில் 1 லட்சம் நம் தலையில்.

மூன்று: கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பும் காத்திருப்பும் உண்டா?

நான்கு: நம் ஊரில் எந்த ஆஸ்பத்திரி அவர்கள் பட்டியலில் இருக்கிறது?

"சர்க்கரை இருப்பதை எழுத வேண்டாம், பிரிமியம் ஏறிவிடும்" என்று ஏஜெண்டு சொன்னால், அவரை அப்படியே அனுப்பிவிடுவோம். கமிஷன் அவருக்கு இன்றைக்கே. மறுப்புக் கடிதம் நமக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில். உள்ள நோயை உள்ளபடி எழுதி, ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பாலிசி வந்த பிறகு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிவிடலாம். நியாயமின்றிப் பணம் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். அதற்கும் அசையாவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை.

பாலிசி ஒரு குடைதான்

தோழர்களே! இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையைச் சொல்லாவிட்டால் கடமை தவறியவர்கள் ஆவோம். பிராவிடண்டு பண்டு திட்டத்தின் குறைந்தபட்சப் பென்ஷன் 2014-ல் மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அந்தப் பென்ஷனில் எந்தப் பாலிசியை வாங்குவது?

ஜெனரல் இன்ஷூரன்ஸ் 1973 ஜனவரி முதல் நாட்டுடைமையாக இருந்தது. 1999-ல் தனியாருக்குக் கதவு திறந்தார்கள். அந்நிய மூலதனத்துக்கு முதலில் 26 சதவீதம், 2015-ல் 49, 2021-ல் 74. 2025 டிசம்பரில் 100 சதவீதத்துக்கும் வழி செய்து சட்டம் நிறைவேற்றினார்கள். மூலதனம் லாபம் தேடித்தான் வருகிறது. இளைஞனின் ஆரோக்கியம் அதற்கு வரவு. கிழவனின் நோய் அதற்குச் செலவு. தனிநபர் வைத்தியப் பாலிசிமீது இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ல் நீங்கியது. சங்கங்கள் வெகுநாளாகக் கேட்டது அது. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னும் கேட்போம். ஓய்வு பெற்ற எல்லாத் தொழிலாளருக்கும், வரம்பைத் தாண்டியவர் உட்பட, இ.எஸ்.ஐ. வேண்டும். ஆஸ்பத்திரிகளில் டாக்டரும் மருந்தும் வேண்டும். வாழத் தகுந்த பென்ஷன் வேண்டும். மழையில் குடை பிடிப்பது தப்பில்லை. ஆனால் குடை வாங்கியதோடு கூரை கேட்பதை நிறுத்தக் கூடாது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்வோம். மனைவி மக்களோடு உட்கார்ந்து, இ.எஸ்.ஐ. அட்டை, குரூப் பாலிசி எண், குடும்ப அட்டை, வைத்தியச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் சேர்ப்போம். ஐம்பத்தைந்தைத் தொட்ட தோழர்கள் அந்தப் பையோடு சங்க அலுவலகத்துக்கு வரட்டும். ஒவ்வொருவருடைய கணக்கையும் சேர்ந்து பார்ப்போம். தனியே கையெழுத்திட்டு ஏமாறுவதைவிட, சேர்ந்து படித்துத் தெளிவது மேல்.