செவிக்குள் உயிரும் மெய்யும்



எழுத்துகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியம் பிறப்பியலில் விரித்துரைக்கிறது. உந்தியில் தோன்றும் வளி, நெஞ்சு, மிடறு, நா, பல், இதழ் முதலிய உறுப்புகளின் தொழிலால் எழுத்தாகிறது. வாயை நீங்கிய அவ்வெழுத்து, கேட்போர் செவியில் என்னவாகிறது என்பதும் கவிஞர் அறியத்தக்கதே.

ஒலி, காற்றின் அழுத்தத்தில் எழும் அலை. அது செவிப்பறையை அதிரச் செய்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் இருப்பது நீர்மம். காற்றின் மெல்லசைவு நீர்மத்தை எளிதில் அசைப்பதில்லை. ஆதலின், அகன்ற செவிப்பறை ஏற்கும் விசை அங்கவடியின் சிறிய அடிப்பரப்பில் குவிக்கப்படுகிறது. அழுத்தம் ஏறத்தாழ 20 மடங்கு உயர்கிறது.

காக்ளியா என்னும் நத்தைச்சுருள் இரண்டரைச் சுற்று உடையது. அதனுள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சவ்வு உண்டு. உயர்ந்த சுருதி அதன் வாயிலருகிலும், தாழ்ந்த சுருதி உள்முனையிலும் மிகுதியாக அதிர்விக்கின்றன. இவ்வலையியக்கத்தைக் கண்டறிந்த ஜார்ஜ் வான் பெக்கெசி 1961இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின்மேல் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. அவற்றின் நுண்மயிர்கள் சாயும்போது அதிர்வு மின்குறிப்பாகி, நரம்பு வழியே மூளையை அடைகிறது.

மூப்பாலும் பேரிரைச்சலாலும் முதலில் நலிபவை வாயிலருகே உள்ள செல்களே. பறவைகளுக்கு இச்செல்கள் மீண்டும் முளைக்கின்றன, மனிதர்க்கு முளைப்பதில்லை.

இங்கேதான் யாப்புக்கும் செவிக்கும் உள்ள உறவு புலப்படுகிறது. உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் தங்குகிறது. மெய்களைப் பிரித்துக் காட்டும் நுண்கூறுகளோ பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில், மெலிந்து நிற்கின்றன. எனவே முதியோர் செவியில் உயிர் நிலைக்கிறது; மெய் தேய்கிறது. ‘குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை’ என்று அவர்கள் கூறுவதன் பொருள் இதுவே. ‘பட்டு’, ‘பத்து’ என்பன ஒன்றாகவே கேட்கக்கூடும். இரண்டாம் எழுத்தைப் பற்றி நிற்கும் எதுகை அங்கே தன் நயத்தை இழக்கிறது.

கவியரங்குகளில் ஒலிபெருக்கியை மேலும் உயர்த்துவது இக்குறையைத் தீர்க்காது. உயிர் முழங்கும், மெய் தெளியாது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவரின் நலமான செவிக்கும் அது கேடாகும். சீர் பிரித்து, மெய்யைத் திருத்தமாக ஒலித்து, அடியிறுதியில் சற்றே நின்று பாடும் கவிஞரே மூத்த செவிக்கும் இளைய செவிக்கும் ஒருங்கே நன்மை செய்பவர். இழந்த செல்லை எந்தக் கவிதையும் மீட்டுத் தராது. இருக்கும் செல்லைக் காத்துப் பாடுதல் கவிஞர் கையில் இருக்கிறது.